தூண்டில் நரம்பு

தோள்பட்டை இரண்டும் சனிக்கிழமை சுமந்த இரும்புக் குழாய்களை ஞாயிற்றுக்கிழமையும் இறக்கி வைக்கவில்லை. ஷிப்யார்டில் சாரம் கட்டுகிறவனுக்கு ஞாயிறு என்பது வலியோடு உட்கார ஒரு நாள், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கிற சின்னராசுவும் நானும் போனுக்கு டாப்-அப் போட டெஸ்கர் ரோட்டில் ஃபாரூக் பாய் கடைக்குப் போனோம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் தங்கச்சி சாதியா. முன்னால் ஒரு டைப்ரைட்டர். கண்ணில் தண்ணீர்.

பள்ளிக்கூடப் பை மாதிரி கைப்பிடி வைத்த பெட்டி, அதற்குள் தட்டையாக, கடல்பச்சையில் அந்தச் சாமான். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஓரத்து வளைவைப் பார்த்தாலே தடவத் தோன்றியது. பழைய சாமான் சந்தையில் வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் ஸ்பிரிட் தொட்டு, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். விருந்தாளிகள் பெயரை இதில்தான் அட்டையில் அடித்து மேசையில் வைப்பேன் என்று மாப்பிள்ளை வீடு வரை சொல்லியாயிற்று.

"அடிக்குது ரகு அண்ணே. ஆனா ஒரே எடத்துலயே அடிக்குது. நகரவே மாட்டேங்குது லா."

திருப்பிப் பார்த்தேன். தாள் சுற்றிய உருளையை இடப்பக்கம் இழுக்கிற கயிறு அறுந்து கிடந்தது. ஒரு சின்ன டப்பாவுக்குள் சுருள்வில், அது இழுக்க ஒரு கயிறு. வேறு ஒன்றுமில்லை.

"மெல்லிசா, கெட்டியா ஒரு கயிறு வேணும்."

கல்லாவுக்கு அடியிலிருந்து அண்ணனின் தூண்டிலை இழுத்தாள். பாய் ஞாயிறு சாயங்காலம் பொங்கோல் கடலோரத்தில் மீன் பிடிக்கிறவர்.

"அவர்ட்ட கேக்க வேணாமா?"

"கேட்டா தரவே மாட்டாங்க. வெட்டுங்க."

தூண்டில் நரம்பை வெட்டி, சுருள்வில்லை முறுக்கி, முடிச்சு விழும் நேரத்தில் தோள் சுண்டியது. விரல் நழுவ, டப்பா சர்ரென்று சுற்றி நரம்பு முழுவதையும் விழுங்கிவிட்டது.

"இவன் கட்டுன சாரத்துலயா நாம ஏறுறோம்?" என்றான் சின்னராசு. அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். மறுபடி வெட்டினோம். அதையும் விழுங்கியது. மூன்றாவதில் டப்பாவைச் சின்னராசு அமுக்கிப் பிடித்துக்கொண்டான். முடிச்சு நின்றது.

சாதியா அடித்தாள். உருளை நகர்ந்தது. ஓர் எழுத்து, ஒரு நகர்வு. வரி முடிகிற இடத்தில் மணி 'டிங்' என்றது. எங்களுக்குப் பின்னால் டாப்-அப்புக்கு நின்ற வரிசை மொத்தமும் கத்தியது. பிறகு யாருக்கும் டாப்-அப் ஞாபகமில்லை. ஆளாளுக்கு ஒரு தட்டு.

தொப்பியை மடித்தபடி வந்த பாய், மொட்டையாய் நின்ற தூண்டிலைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னைக்கு எத வெச்சு மீன் புடிக்கிறது? உன் துப்பட்டாவ வெச்சா?"

திட்டிக்கொண்டே உட்கார்ந்து தன் பெயரை அடித்தார். மணிக்காகவே இன்னொரு வரி அடித்தார்.

சாதியா முதல் அட்டையை என்னிடம் நீட்டினாள். என் பெயர். எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாக.

"சனிக்கிழமை வந்துடணும், அண்ணே."

சனிக்கிழமை ஓவர்டைம். போனால் போகிறது.

"வரட்டும்," என்றார் பாய். "சும்மா வரக்கூடாது. கொடுவா மீனோட வரட்டும்."

விடுதிக்குத் திரும்ப, உட்லண்ட்ஸ் போகிற ரயிலில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தடவிக்கொண்டே வந்தேன். எழுத்து குத்திய பள்ளங்கள் விரலுக்குத் தெரிந்தன.

ஃபாரூக் பாய்க்கு ஒரு கொடுவா மீன் பாக்கி.