சுடாத சொல்தா

1.

ஒட்டுக்கேட்ட கதை இது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாண்டிச்சேரி கதிர்காமம் ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், காது மந்தமோ என்னவோ, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். முகம் மறந்துவிட்டது. பேச்சு மட்டும் நிற்கிறது. சூசைமேரி என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் பாரீசிலிருந்து மகன் கிளாட்வின்.

"தாத்தா சுட்டாருன்னே சொல்லிடும்மா. இன்னா கொறஞ்சி போவுது?"

"சுடலியேடா."

2.

'அல்ஜீரிய மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த...' அடித்துவிட்டேன். நான் பனியைக் கண்டதில்லை. இந்த வயதில் பொய்யாகக் குளிர முடியாது.

அவள் சொன்னது இவ்வளவுதான். அவளுடைய அப்பா சூசைநாதன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1955இல் அல்ஜீரியாவில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் பிடிபட்ட ஒரு கைதிக்குக் காவல் நின்றார்.

"நீ எந்த ஊரு?" என்று கேட்டான் கைதி.

"பாண்டிச்சேரி."

"அங்க கொடிய எறக்கிட்டாங்களாமே. வியட்நாம்ல தோத்தாங்க, உங்க ஊர விட்டுட்டாங்க. நாங்க மட்டும் இன்னாத்துக்குச் சும்மா கெடக்கணும்?"

[பிரெஞ்சில்தான் பேசியிருப்பார்கள். எனக்கு எங்கள் தெருப் பேச்சாகக் கேட்கிறது. கைதிக்குப் பாண்டிச்சேரி தெரிந்திருக்குமா என்றும் சந்தேகம். ஆனால் இங்கே ஆட்சி கைமாறியதும் அங்கே சண்டை மூண்டதும் ஒரே நாள், 1954 நவம்பர் ஒன்று. அதை நான் இட்டுக்கட்டவில்லை.]

சூசைநாதன் கைதியின் கட்டை அவிழ்த்துவிட்டார். வானத்தைப் பார்த்து ஒரு குண்டு. 'தப்பி ஓடினவனைச் சுட்டேன், ஆற்றில் விழுந்துவிட்டான்' என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அதற்கு ஒரு மெடல்!

3.

ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள். அன்று பழைய சொல்தாக்களின் சங்கத்தில் அவர் படத்தை மெடலோடு மாட்டப்போகிறார்கள். மெடல் வந்த கதையை மகள் மேடையில் சொல்ல வேண்டும்.

"உண்மையச் சொன்னா படத்த எறக்கிடுவாங்கம்மா. எம் பொண்ணு மெரின், கொள்ளுத்தாத்தா ஹீரோன்னு ஸ்கூல்ல பேசிட்டு வந்திருக்கா."

"அப்பா சாவறப்ப எங்கையப் புடிச்சிக்கினு, 'நான் ஆரையும் கொல்லல, ஆருகிட்டயாவது சொல்லிடும்மா'ன்னாரு. பன்னெண்டு வருசமா வாயிலயே வச்சிருக்கேன். அசந்து போச்சிடா எனக்கு."

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். சங்கத்தார் எழுந்து— வேண்டாம். கைதட்டல் கேட்கிறது, நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை. சூசைநாதன் கொன்றவராகவே சுவரில் தொங்குகிறார். இதை எழுதக் கை வரவில்லை.

4.

உண்மையில், அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். போனை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தயும் கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேம்மா. தப்பா நெனக்காத."

"நெனக்கல. ஒருத்தருகிட்டயாவது சொல்லியாச்சி."

மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பதினாலாம் தேதி நான் போகவில்லை, முட்டி வலி. மேடையில் என்ன சொன்னாளோ. சொல்லியிருந்தால்... [விட்டுவிடுகிறேன்.]

சூசைநாதன் யாரையும் கொல்லவில்லை. இப்போது உங்களுக்கும் தெரியும். யாரிடம் சொல்வீர்களோ, இனி உங்கள் பாடு.