கழுவாத நீலம்

வெயிலில் படம் பிடிக்கக் கேமரா வேண்டியதில்லை. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்து, இருட்டறையில் துணியில் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் விரித்தால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடம் மஞ்சளாகவே இருக்கும். பிறகு தண்ணீரில் அலச வேண்டும். மஞ்சள் கரைந்து வெள்ளை உருவம் நிற்கும். அலசாவிட்டால் மஞ்சளும் நீலமாகிப் படமே அழிந்துவிடும். கட்டட வரைபடங்களை ஒரு காலத்தில் இப்படித்தான் நகலெடுத்தார்கள்.

மெட்ராஸில் ஓவியம் படித்த நான் இந்த முறையில் மனிதர்களைப் பதித்துவந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் குப்பண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். கொல்லங்கோட்டுப் பக்கம் அவர் வயலில்தான் என் ஆத்தா கருப்பாத்தாள் களையெடுத்தாள். ஊர்க் கலைச் சங்கமான கலா சமிதியின் தலைவரும் அவரே. நான் படம் பதிப்பதைப் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து விருந்தாளிகளை வரவழைத்திருந்தார்.

அவர் வாசலில் ஆத்தா துணிமேல் படுத்தாள். கையில் சிரட்டை, தேங்காய் ஓடு. டீக்கடைக் கூரையில் அவளுக்கென்று செருகியிருப்பது. எங்களாட்களுக்கு அங்கே கிளாஸ் கிடையாது, இதில்தான் டீ. அறுபது வயதில் அவளுக்கு இதுதான் முதல் படம்.

"அசையாத ஆத்தா. பத்தே நிமிசம்."

"செத்தவளாட்டம் கெடக்கச் சொல்ற. மூக்கு அரிக்குதுடா."

"இந்தச் சிரட்டைதானுங்க நம்மூருச் சரித்திரம்!" என்றார் குப்பண்ணன். அவருக்குக் கண் கலங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆத்தா எழுந்தாள். அவள் உருவம் மஞ்சளாகக் கிடந்தது. துணியைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன்.

"டேய் நல்லதம்பி, கெணத்து மேடையில ஏறாத! ஆளு எறச்சு ஊத்துவான், கீழ நின்னு புடிச்சுக்கோ. தப்பா நெனைக்காத, ஊட்டுல குடிக்கற தண்ணி."

குப்பண்ணன் கண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை. ஆனாலும் படம் வேண்டும். துணியை நீட்டினேன்.

ஆத்தா என் கையைப் பிடித்தாள். "நான் ஏந்திக் குடிச்சது பத்தாதா? படமும் ஏந்தோணுமா? வெயில்ல விரிடா."

"அழிஞ்சுரும் ஆத்தா."

"தெரியும். நேத்துப் பூராவும் அதையேதான சொல்லிக் கொன்ன."

விரித்தேன். மஞ்சள் பச்சையாகி, சாம்பலாகி, நீலத்தில் கலந்தது.

"ஐயையோ, படம் போயிண்டிருக்கே! ஏன்?" என்றார் ஒரு விருந்தாளி.

விளக்காமலிருக்க என்னால் முடியாது. "தண்ணிதானுங்க இதை நிறுத்தும். கெணறு அதோ இருக்குதுங்க. நான் தொடக்கூடாதுங்க."

யாரும் கைதட்டவில்லை. முழு நீலமான துணியை ஆத்தா ஒருமுறை பார்த்தாள். நேரே போய்ச் சிரட்டையைக் கிணற்று மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"எடுறா அதை!" குப்பண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மேடையில ஏறக்கூடாதுன்னீங்களே," என்றேன்.