தகப்பன் வீட்டுப் பிள்ளை

சோபாவில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் கணவர், பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். இன்னொருவர் அவருடைய அண்ணன், மனைவியை இழந்தவர், பல் குத்திக்கொண்டே நியாயம் பேசுகிறவர். இவர்களுடைய தம்பி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. தம்பி மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த மாதம் மறுமணம் செய்துகொள்ளப்போவதாகச் சொல்ல வந்திருந்தாள். தாராளமாகச் செய்துகொள், பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்றார்கள். தாய் மறுமணம் செய்தால் பிள்ளை தகப்பன் வீட்டுக்காம், தாத்தா காலத்து வழக்கமாம். தாத்தா காலத்து மற்ற வழக்கங்களை, விடியலில் எழுவது உட்பட, இந்த வீட்டில் எப்போதோ கைகழுவியாயிற்று.

அந்தக் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. விடுமுறை நாட்களில் அவள் இங்கே வந்தால்தான் எனக்கு அது விடுமுறை.

கோர்ட்டுக்குப் போவேன் என்றாள் தாய். போ, வருஷக்கணக்கில் இழுத்தடிப்போம் என்றார் பெரியவர். அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள்.

"ராத்திரில மூச்சு வாங்கும். யாராவது முழிச்சு உக்கார வச்சு, இதக் குடுக்கணும்."

உரிமைக்காரர்கள் இருவரும் அதைத் தொடக்கூட இல்லை. ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ பாத்துப்பா," என்றார் என் கணவர்.

இருபது வருஷமாக இவர்களுடைய கௌரவத்துக்கு உழைப்பு என்னுடையது. அருவருப்பாக இருந்தது, இவர்கள் மேலும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேலும். ஆசை ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை எனக்கு.

"என்னால முடியாது," என்றேன். "அடுத்தவ பெத்ததுக்கு நான் ராத்திரி முழிக்க மாட்டேன்."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார் பெரியவர்.

"அப்ப நீங்களே வளத்துக்கோங்க மாமா. உங்க வீட்டுப் பிள்ளைதானே."

பெரியவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்து அதன் நுனியை ஆராய்ந்தார். என் கணவருக்கு டியூட்டி ஞாபகம் வந்துவிட்டது. இன்னொரு நாள் பேசலாம் என்று எழுந்தார்.

தாய் இன்ஹேலரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் கைகள் என் இடுப்பிலிருந்து எப்போது விலகின என்று தெரியவில்லை. வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டத் தடுமாறிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் வாரைப் போட்டுவிடக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.