அமுக்காத சிவப்புப் பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இன்னாசிராஜுக்கு ஒரு வேலை இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். முக்காலியை அப்பாவின் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போடுவான். நீல நிற வெளிநாட்டுத் தபால் தாளை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு பேனாவை உதறுவான்.

"சொல்லுங்கப்பா."

சின்னப்பராஜுக்கு அறுபத்தெட்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் இளைய மகன் அல்போன்சுக்கு அவர் சொல்லும் கடிதம் எப்போதும் மூன்று வரிதான்.

"மழை இல்ல. செவலை கன்னு போட்டிருக்குது. ஒடம்பைப் பாத்துக்கச் சொல்லு."

இன்னாசிராஜ் அதை ஒரு பக்கம் ஆக்குவான். எந்தக் காட்டில் நிலக்கடலை கருகியது, கன்று காளையா கிடாரியா, காரிமங்கலம் சந்தையில் யாரைப் பார்த்தார்கள், எல்லாம் வரும். எழுதியதை உரக்கப் படிப்பான். "நான் இவ்ளோவா சொன்னேன்?" என்று அப்பா சிரிப்பார். பேனாவை வாங்கிக் கீழே ஒரு சிலுவை போடுவார். அதுதான் அவர் கையெழுத்து.

மற்ற நாட்களில் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா என்பதோடு முடிந்துவிடும். அந்த அரை மணி நேரம் மட்டும் அப்பாவுக்கு அவன் தேவைப்பட்டான். ஆறு வருடமாக வாரம் முழுவதும் அந்த அரை மணிக்காகத்தான் காத்திருந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

1986 மாசியில் அம்மா லூர்தம்மாள் இறந்தாள். அல்போன்ஸ் வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. விடுப்பு கிடைக்கவில்லை. குழி வெட்ட ஆள் சொன்னது, பெட்டிக்குப் பலகை வாங்கியது, சாமியாரை அழைத்து வந்தது எல்லாம் இன்னாசிராஜ்தான்.

ஆனியில் டேப்ரெக்கார்டர் வந்தது. அல்போன்சோடு வேலை செய்யும் பென்னாகரத்து மாதையன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். கூடவே இரண்டு கேசட். ஒன்றில் அல்போன்ஸ் பேசியிருந்தான். மற்றது புதிது.

"பெரியவரே, கேக்கறதுக்கு இந்த ஒரு பட்டன். பேசறதுக்கு அந்தச் செவப்பையும் இதையும் சேத்து அமுக்கணும். சுத்தும். பேசுங்க. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான். சின்னப்பராஜ் சுற்றுவதை மட்டும் கவனித்திருந்தார்.

இன்னாசிராஜின் மனைவி ராஜமேரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அல்போன்சின் குரல் வீட்டுக்குள் பேசியது.

"அப்பா, அம்மா மொகத்தைக் கடைசியாப் பாக்க நான் வரல. என்னை மன்னிச்சிட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. லெட்டர் வேணாம். லெட்டர்ல எல்லாம் அண்ணன்தான் பேசுது. உங்க கொரல் எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துட்டுது. கேசட்டுல அந்தப் பக்கம் சும்மாதான் இருக்குது. அதுல பேசி அனுப்புங்க."

சின்னப்பராஜ் அழுதார். மனைவியின் குழியருகே அழாதவர்.

இன்னாசிராஜின் காதில் ஒரு வரி மட்டும் தங்கியது. லெட்டர்ல எல்லாம் அண்ணன்தான் பேசுது.

அடுத்த ஞாயிறு அவன் முக்காலியை இழுத்தான்.

"லெட்டர் வேணாம். நான் இதுலயே பேசறேன். நீ பாட்டரி மட்டும் போட்டுக் குடு" என்றார் அப்பா.

போட்டுக் கொடுத்தான். அவர் கேசட்டை மறுபக்கம் திருப்பி வைத்தார். தடித்த விரலால் ஒரு பொத்தானை அமுக்கினார். ஒன்றை மட்டும். சக்கரம் சுற்றியது. ஸ்ஸென்று ஓர் இரைச்சல் வந்தது.

"பாத்தியா, காதைக் குடுத்துக்கிட்டு இருக்குது" என்றார்.

சிவப்புப் பொத்தான் மேலேயே நின்றது. இன்னாசிராஜ் அதைப் பார்த்தான். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். தர்மபுரி பஸ் நிலையத்துக் கேசட் கடையில் பாட்டுப் பதிவதை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறான்.

"அப்பா..."

"நீ வெளிய போ. கதவைச் சாத்திக்க. இது எனக்கும் அவனுக்கும்."

இன்னாசிராஜ் வாயை மூடிக்கொண்டான். கதவையும் மூடினான். அவன் செய்தது அவ்வளவுதான்.

கிணற்றடியில் போய் உட்கார்ந்தான். ராஜமேரி குடத்தோடு வந்தாள்.

"என்னாங்க, மூஞ்சி மொழ நீளத்துக்குத் தொங்குது? மாமா பேசறதைக் கேட்டீங்களா? அரை மணியா ஓடுது. நான் இந்த வூட்டுக்கு வந்து ஒம்பது வருசம். எங்கிட்டப் பேசினதை எல்லாம் சேத்தாலும் அந்தக் கேசட்டுல கால்வாசி வராது."

"பொட்டிக்கிட்டப் பேசறதுக்கு இவ்ளோ கெடக்குது அவருக்கு."

"பொட்டிக்குள்ள ஒங்க தம்பி இல்ல ஒக்காந்திருக்கறாரு? நீங்கதான் வெளிய கெடக்கறீங்க."

அவள் வேடிக்கைக்குச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

சின்னப்பராஜ் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர்போல் இருந்தார்.

"மாமா, நல்லா வுழுந்திருக்குதான்னு ஒருவாட்டி போட்டுக் கேட்டுரலாங்களா?" என்றாள் ராஜமேரி.

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை வெளிய வந்து திருப்பிச் சொல்லுவியாம்மா? சொன்னா ஒருதரம்தான். மறுபடி கேக்கக் கூடாது."

கேசட்டைத் துணியில் சுற்றி முகவரி எழுதியவன் இன்னாசிராஜ். காரிமங்கலம் தபாலாபீசில் கொடுத்தவனும் அவன்தான்.

"பத்திரமாப் போயிருமா?"

"போயிரும்ப்பா."

அது பொய் இல்லை. பத்திரமாகத்தான் போனது.

ஆவணிக் கடைசியில் பதில் வந்தது. கேசட் இல்லை. கடிதம். இன்னாசிராஜின் பெயருக்கு வந்திருந்தது.

'அண்ணா, கேசட்டை நான்கு முறை கேட்டேன். அப்பா பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வெறும் இரைச்சல். மாதையன் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். நீயும் கூடவே இருக்கிறாய். அதனால் தவறியிருக்காது. பேசாமலே அனுப்பியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஊரோடு வந்துவிடலாம் என்று இருந்தேன். அப்பா பேசாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது? இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். அவரைப் பார்த்துக்கொள்.'

"அவனா? என்னா எழுதியிருக்கறான்?" கட்டிலில் இருந்து அப்பா கேட்டார்.

"நல்லா இருக்கானாம். இன்னும் மூணு வருசம் இருக்கப் போறானாம்."

"கேசட்டு?"

"வந்துச்சாம்."

"கேட்டானாமா?"

"கேட்டானாம். நாலு தடவை."

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"வேற ஒண்ணுமில்லப்பா. ஒங்களைப் பாத்துக்கச் சொல்லியிருக்கான்."

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய்.

சின்னப்பராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பி மூன்று வருடத்துக்கு வரமாட்டான். பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முக்காலி மறுபடி தன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை இன்னாசிராஜ் புதுத் தாளோடு வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்கப்பா."

"சொல்றதுக்கு என்னா இருக்குது? எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாலு தடவை கேட்டும் அவனுக்கு அது பத்தல."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆறு ஞாயிறு அப்படியே போனது. நீலத் தாள் நோட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தது. சின்னப்பராஜ் மாட்டைப் பற்றிக்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். "மாமாவுக்கு வச்ச களி வச்சது வச்சபடி இருக்குதுங்க. என்னான்னு கேளுங்க" என்று ராஜமேரி சொன்னாள். இன்னாசிராஜ் கேட்கவில்லை. என்ன என்று அவனுக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாள் வந்தது. லூர்தம்மாளின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமந்தி வைத்துவிட்டு மூவரும் திரும்பினார்கள். வெயில் ஏறியிருந்தது. சின்னப்பராஜ் செருப்பைக் கழற்றியதும் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து டேப்ரெக்கார்டரை இழுத்தார். தூசியைத் துண்டால் தட்டினார். புதுக் கேசட்டைப் போட்டார்.

"இன்னொருவாட்டி பேசிப் பாக்கறேன்" என்றார் யாரையும் பார்க்காமல். அவரே கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த முறை இன்னாசிராஜ் கிணற்றடிக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றான். ஒரு பொத்தான் இறங்கியது. சிவப்பு மேலேயே நின்றது. இரைச்சல் வந்தது. அதற்கு மேல் அப்பாவின் குரல்.

"அல்போன்சு. அன்னிக்கிச் சொன்னது பத்தலைன்னா இதையும் கேட்டுக்க. உங்கம்மாவுக்குக் கடைசி நாள்ல கண்ணு தெரியல. உங்கண்ணன் கையைப் புடிச்சிக்கிட்டு, அல்போன்சு வந்துட்டியான்னு கேட்டா. அவன் வந்துட்டேம்மான்னான். உங்கொரலாட்டமே சொன்னான். அந்தக் கையை வுடாமயே அவ போயிட்டா. நான் கதவுக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். நான் பாத்தது அவனுக்குத் தெரியாது. நீ வந்துட்டேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் உங்கம்மா கண்ணை மூடினா. அவளுக்கு ஒம்மேல ஒரு கொறையும் இல்ல. அப்பறம் நான் யாருடா ஒன்னை மன்னிக்க? உங்கண்ணன் அன்னிக்கே வாங்கிக் குடுத்துட்டான் அதை."

இன்னாசிராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. பிடித்திருந்தது தன் கை. கூப்பிட்டது தம்பியின் பெயர். அம்மாவுக்குத் துணையாகப் பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது அதுதான். அன்று விழுந்த பொறாமையைத்தான் அவன் இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருந்தான். அப்பா அந்தக் காட்சியை மனதில் வேறு மாதிரி வைத்திருந்திருக்கிறார்.

அந்தப் பேச்சு எந்தக் கேசட்டிலும் இல்லை. உலகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவன் வாயை மூடிக்கொண்டால் அது இல்லாமலே போய்விடும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அப்பா, நிறுத்துங்க. அது ஏறல."

"ஏறலயா? சுத்துதேடா."

"செவப்பை அமுக்கல நீங்க. போன தடவையும் அமுக்கல."

சின்னப்பராஜ் பெட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"அப்ப அவனுக்கு என்னாதான் போச்சு?"

இன்னாசிராஜ் டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து வந்தான். இந்த முறை முழுவதும் படித்தான். 'நீயும் கூடவே இருக்கிறாய். அதனால் தவறியிருக்காது' என்ற இடத்தில் அவன் குரல் நின்றது. மறுபடி அந்த வரியிலிருந்து படித்தான். ராஜமேரி நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அப்பா.

"மொத நாளே. நீங்க அமுக்கறப்பவே."

"அடப் பாவி மனுசா" என்றாள் ராஜமேரி, மெதுவாக.

சின்னப்பராஜ் அடிப்பார் என்று இன்னாசிராஜ் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் டேப்ரெக்கார்டரை அவன் பக்கம் தள்ளினார்.

"இதைச் சொல்லிக் குடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நிமிசங்கூட ஆவாதுப்பா."

"காட்டு."

அவர் விரலைப் பிடித்துச் சிவப்பின் மேல் வைத்தான். பெருவிரலை மற்றதன் மேல். முதல் முறை வழுக்கியது. இரண்டாவது முறை இரண்டும் சேர்ந்து இறங்கின. இரைச்சல் வரவில்லை.

"சத்தமே காணமே. கேக்குதா அது?"

"இப்பத்தாம்ப்பா கேக்குது."

நாடாவைப் பின்னால் சுற்றிப் போட்டுக் காட்டினான். 'சத்தமே காணமே' என்றது பெட்டி. சின்னப்பராஜ் திடுக்கிட்டார்.

"யார்ரா அது? எங்கப்பன் கொரலாட்டம் இருக்குது."

"நீங்கதாம்ப்பா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சற்று நேரம் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"கெழவனுக்குப் புது மெசினு தெரியாதது குத்தமில்ல, இன்னாசி. எங்க காலத்துல இதெல்லாம் ஏது? தெரிஞ்சவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே வாயை மூடிக்கறான் பாரு, அதாண்டா குத்தம். ஒரு நிமிசம். அதைக் குடுக்க ஒனக்கு மனசு வரல. எம்புள்ளைக்கும் எனக்கும் நடுவுல மூணு வருசத்தை வச்சிட்ட."

இன்னாசிராஜ் கடிதத்தை நான்காக மடித்தான்.

"ஒன்னை வெளிய போன்னு சொன்னது நானு. அது எங்குத்தம். அதையும் சேத்துக்க."

இன்னாசிராஜ் பழக்கத்தில் கதவுப் பக்கம் திரும்பினான்.

"எங்க போற? ஒக்காரு. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்குது. மொதல்ல நீ பேசு. அப்பறம் நான்."

இன்னாசிராஜ் முக்காலியை இழுத்துப் போட்டான். சின்னப்பராஜ் இரண்டு விரலையும் வைத்து அமுக்கினார். சிவப்பு இறங்கியது. சிறிது தூரம் நாடா சும்மாவே ஓடியது.

"தம்பி, அண்ணன் பேசறேன். அப்பா அன்னிக்கே பேசிட்டாரு. அரை மணி நேரம் பேசினாரு. அது ஒனக்கு வராததுக்கு மெசினு காரணமில்ல. அப்பாவுக்கு வயசானதும் காரணமில்ல. பக்கத்துலயே நின்னுக்கிட்டு நான் சொல்லிக் குடுக்கல. பொறாமைடா. கையெழுத்துப் போட்டுறாத. வா."