எட்டுக் கேமராவும் ஒரு பொத்தானும்

திரைச்சீலைக் கடை முதலாளிக்கு எதை வாங்கினாலும் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாக வேண்டும். பற்பசை தீர்ந்த பிறகும் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்து இரண்டு நாள் ஓட்டுகிறவர். அப்படிப்பட்டவர் கடைக்கு எட்டுக் கேமராவும், ஒவ்வொன்றிலும் மைக்கும் ஒலிபெருக்கியும், கூடவே ஒரு அலாரமும் வாங்கி மாட்டினால் அவற்றைச் சும்மா தொங்க விடுவாரா?

வாங்கியதற்குக் காரணம் ஒரு குஷன் உறை. அடுக்கில் இருந்த ஒன்று காணாமல் போயிற்று. மறுநாளே அது துணிக்கட்டுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தும்விட்டது. ஆனால் அதற்குள் கேமராக்காரர் ஏணியில் ஏறிவிட்டார், முதலாளிக்குச் சந்தேகம் தலைக்கு ஏறிவிட்டது. பிறகு இறங்கியது கேமராக்காரர் மட்டும்தான்.

கேமராக்காரர் விவரமான ஆள். முன்வாசல், பின்வாசல், கல்லா, சரக்கு அறை என்று இடம் பார்த்து மாட்டினார்.

"உள்ள வேலை செய்றவங்களப் பாக்க ஒண்ணு ரெண்டு போதும் சார். ஆள் வந்து போற வழியத்தான் விடாமப் பாக்கணும். ராத்திரி அலாரம் போட மறந்துடாதீங்க. அப்புறம் இந்தப் பேசுற பொத்தான் இருக்கே, இத ஒரு தடவை அமுக்கினா..."

"போன் வச்சிருக்கிறவனுக்குப் பொத்தான் அமுக்கக் கிளாஸ் எடுக்கிறீங்களா? எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க."

அவர் கிளம்பினார். அவர் தலை தெருமுனையில் மறைவதற்குள் முதலாளி ஏணியில் ஏறினார். அவருடைய கணக்கே வேறு. திருடன் என்றைக்கோ ஒருநாள் வருவான், வராமலே போனாலும் போவான். சம்பளக்காரர்களோ தினமும் தவறாமல் வருகிறார்கள். அப்படியானால் கேமரா யாரைப் பார்த்தால் லாபம்?

ஆகவே ஒரு கேமரா டீ பிளாஸ்க்கைப் பார்த்தது. ஒன்று கழிப்பறைக் கதவைப் பார்த்தது. கதவை மட்டும்தான், அந்த அளவுக்கு அவருக்கு வெட்கம் மிச்சம் இருந்தது. ஒன்று துணி மடிக்கும் இரண்டு பெண்களுக்கு, ஒன்று அளவக்காவின் நாற்காலிக்கு. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவு எடுத்து வருவதும், வந்த நேரத்தில் கடையில் விற்பனை பார்ப்பதும் அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். மூன்று கேமராக்கள் தையல் மாஸ்டருக்கு. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. முகத்துக்கு எதற்கு என்று அளவக்கா கேட்டபோது, "மனுஷன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரிய வேணாமா?" என்றார்.

அதோடு ஒரு சட்டமும் போட்டார். எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"கேமராவப் பத்தி எவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அண்ணாந்து பாக்கவும் கூடாது. அது சரியில்ல, இது சரியில்லன்னு யாராவது வாயத் தொறந்தா, திருட்டு நினைப்புல சொல்றதாத்தான் எடுத்துப்பேன்."

இவ்வளவு செய்தும் பின்வாசல் கேமரா ஒன்று வேலைவெட்டி இல்லாமல் காலிச் சந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மனதை உறுத்தியது. அதையும் மாஸ்டர் பக்கம் திருப்ப ஏணியில் ஏறினார். கேமரா பாதி திரும்பியது, ஏணி முழுதாகத் திரும்பியது. முதலாளி விழுந்த காட்சி நான்கு கோணங்களில் துல்லியமாகப் பதிவானது. வாங்கியதிலிருந்து அந்தக் கேமராக்கள் உருப்படியாகப் பிடித்த ஒரே சம்பவம் அதுதான்.

கணுக்காலில் மாவுக்கட்டு. எழுந்து நடக்கக் கூடாது என்றார் மருத்துவர். முதலாளி வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு, டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்து, கண்கொத்திப் பாம்பாகக் கடையைப் பார்க்கத் தொடங்கினார். இவர் ஒருவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பது போதாதென்று இப்போது கடையும் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்று அவர் மனைவி நொந்துகொண்டாள்.

இங்கே டேப்லெட் திரையில் இருந்த அந்தப் பேசுகிற பொத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை ஒரு தடவை அமுக்கினால் டேப்லெட்டின் மைக் திறக்கும், இன்னொரு தடவை அமுக்கினால் மூடும். இதைத்தான் கேமராக்காரர் சொல்ல வந்தார். முதலாளியோ, அமுக்கிப் பிடித்திருக்கும் வரை பேசும், விரலை எடுத்தால் நின்றுவிடும் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். அவர் முடிவு கட்டிவிட்டால் கட்டியதுதான். பொத்தான்தான் மாறிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் காலையில் பொத்தானை அமுக்கினார்.

"மாஸ்டர்! ஜன்னலப் பாக்கவா சம்பளம்?"

கூரையிலிருந்து இடி இறங்கியது போல் இருந்தது. மாஸ்டர் துள்ளி விழுந்ததைப் பார்த்து முதலாளிக்குப் பரம திருப்தி. விரலை எடுத்தார். மைக் திறந்தே கிடந்தது. அடுத்ததாகக் கடையில் எல்லாருக்கும் கேட்டது அவர் மனைவியின் குரல்.

"கால்தானே உடைஞ்சுது? கை நல்லாத்தானே இருக்கு? போர்வைய நீங்களே மடிக்கக் கூடாதா?"

 பிறகு முதலாளி போர்வையை மடிக்கும் முனகல் தெளிவாகக் கேட்டது.

அன்றிலிருந்து அப்படித்தான். ஒருமுறை அமுக்கினால் அதட்டல் கடைக்கு வரும், பின்னாலேயே வீடும் வரும். மறுமுறை அமுக்கினால் வீடு நின்றுவிடும், அதட்டலும் வராது. சொன்னது காதில் விழவில்லையா என்று கோபம் வந்து மறுபடி அமுக்குவார், மறுபடி வீடு திறந்துகொள்ளும். கட்டுக்குள் அரிக்கிறது என்று அவர் அழுததையும், தங்கைக்குப் போன் போட்டுத் தம் பெருமையைத் தாமே அளந்ததையும் கடை காது குளிரக் கேட்டது. அவர் தூங்கிய ஒரு மதியம், திரைச்சீலை பார்க்க வந்த பெண்மணி குறட்டையைக் கேட்டு மேலே பார்த்தார். "மோட்டார் சத்தம்மா, பழசு" என்றாள் அளவக்கா.

சொல்லாமல் இருந்தது அவர்கள் குற்றம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அளவக்கா ஒருமுறை மனசு கேட்காமல் கேமராவுக்கு நேராகப் போய் நின்றாள்.

"சார், உங்க மைக்கு..."

"கேமரா பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? நாற்காலிக்குப் போம்மா!"

அவள் போனாள். "சொல்லாதீங்கக்கா, சட்டம்னா சட்டம்தான்" என்று மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார்.

மாஸ்டர் சிரித்தது அந்த ஒருமுறைதான். அவருக்குச் சிரிக்க நேரமில்லை. ஊரின் பெரிய நாடக அரங்குக்கு மேடைத்திரை தைத்துக்கொண்டிருந்தார். கடை திறந்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. கனத்த வெல்வெட் துணி. அரங்கத்தாரே கொண்டுவந்து இறக்கியது. இழுத்தால் மடிப்பு மடிப்பாக ஏற வேண்டும், விட்டால் சுருக்கம் இல்லாமல் விழ வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைத் தைக்க மாஸ்டரை விட்டால் ஆள் கிடையாது. ஆர்டர் வந்ததே அவர் கைக்காகத்தான். இது நல்லபடியாக முடிந்தால் ஊரிலுள்ள மற்ற அரங்கங்களும் நம் கடைக்குத்தான் வரும் என்று முதலாளி கட்டிலில் படுத்தபடி கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டையில் மாஸ்டருக்கு இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

திரை பாதி முடிந்திருந்த அன்று காலையில் முதலாளி மாஸ்டரை இரண்டு தடவை அதட்டினார். மாஸ்டருக்குக் கேட்டது இரண்டாவது மட்டும்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்த ஆர்டர் முடியட்டும். மாஸ்டர அனுப்பிடப் போறேன். இனிமே தையல வெளியில குடுத்துக்கலாம். பேர் நமக்கு வந்துடும்ல."

"என்னங்க சொல்றீங்க? கடை தொறந்த நாள்ல இருந்து இருக்கிறவரு. சும்மா போன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

"சும்மா எதுக்கு அனுப்பணும்? மூணு கேமரா எதுக்கு வச்சிருக்கேன்? துணித்துண்டு ஏதாவது கையில எடுக்காமலா இருப்பாரு? அந்த இடத்துல பதிவ வெட்டி, பையில போட்டுட்டாருன்னு சொன்னாப் போச்சு. கௌரவமான மனுஷன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமக் கிளம்பிடுவாரு."

 மனைவி டேப்லெட் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அவங்க ஏன் நம்மளப் பாக்குறாங்க?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். தையல் இயந்திரம் நின்றிருந்தது. மாஸ்டர், அளவக்கா, துணி மடிக்கும் இரண்டு பெண்கள், எல்லாரும் அண்ணாந்து கேமராவைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களோடு, திரை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்த அரங்க மேலாளரும் நின்றுகொண்டிருந்தார். முன்வாசலில் கேமரா இல்லாததால் அவர் வந்தது முதலாளிக்குத் தெரியாது.

"அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல..." என்று ஆரம்பித்தவருக்கு வார்த்தை பாதியில் நின்றது.  தம் குரல் கடையின் கூரையில் எதிரொலித்து டேப்லெட் வழியாகத் தமக்கே திரும்பி வருவது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

மாஸ்டர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் முதலாளியும் கத்தியிருப்பார், எல்லாம் வழக்கம்போல ஆறியிருக்கும். மாஸ்டர் குனிந்து தரையில் கிடந்த ஒரு வெல்வெட் துண்டை எடுத்தார். இடப்பக்கக் கேமராவுக்குக் காட்டினார், வலப்பக்கத்துக்குக் காட்டினார், முகத்துக்கு நேரே இருந்ததற்கும் காட்டினார். பிறகு அதை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார்.

"இது என் பையில போகல. நல்லாப் பாத்துக்குங்க முதலாளி. வெட்டணும்னா இதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க."

தம்முடைய கத்தரிக்கோலையும் அளவு டேப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். அவை அவர் சொந்தப் பொருள்கள். டேப்பை அவர் விரலில் சுற்றிச் சுற்றி மடித்ததை வலக்கைக் கேமரா அழகாகக் காட்டியது.

 முதலாளிக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆர்டர்தான், அதை மறைத்து என்ன பயன்? ஆனால் அதற்கு அடுத்த நொடி வந்தது வேறு. கடைக்குக் கதவுகூட மாட்டாத நாளில், இதே மாஸ்டர் இதே மேசையில், முதல் திரையைத் தைத்து முடித்துவிட்டு, காசு அப்புறம் குடுங்க என்று சொன்னது. அந்த முகத்தை மூன்று கேமரா வைத்தும் அவர் பார்க்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பாய்ந்து பொத்தானை அமுக்கினார். இந்த முறை விரலை எடுக்கவே இல்லை.

"மாஸ்டர், போகாதீங்க! தெரியாமப் பேசிட்டேன். வாய்க்கு வந்தத உளறிட்டேன். நீங்க இல்லன்னா கடையே இல்ல. என்ன மன்னிச்சிடுங்க மாஸ்டர்!"

வாழ்க்கையில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். அரங்க மேலாளர் அவர் பின்னாலேயே போனார். "துணி எங்களுதுதான மாஸ்டர்? எங்க கொண்டுவந்து இறக்கணும்னு சொல்லுங்க, வேன் அனுப்புறேன்" என்று அவர் கேட்டது முதலாளிக்குத் தெளிவாகக் கேட்டது. வேன் வந்தது. பாதி தைத்த திரையும் போனது. துணி மடிக்கும் பெண்கள் இருவரும் கைப்பையை மாட்டிக்கொண்டு மறைந்தார்கள்.

கடைசியாக அளவக்கா. முதலாளி அவளிடமும் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார். அவள் கடைச் சாவியைக் கொண்டுவந்து, கேமராவுக்கு நேர் கீழே மேசைமேல் வைத்தாள்.

"கடையப் பூட்டல சார். பூட்டினா சாவியத் தூக்கிட்டுப் போயிட்டேன்னு பதிவுல வந்துடும். இங்கயே வச்சிருக்கேன். நீங்க பாத்துக்குங்க."

அவளும் படத்திலிருந்து போனாள்.

"இவ்வளவு சொல்றேன், ஒருத்தருக்காவது மனசு இளகுதா பாரு!" என்றார் முதலாளி.

மனைவி டேப்லெட்டின் மூலையைக் காட்டினாள். "இங்க ஒரு பச்சை விளக்கு எரிஞ்சுட்டு இருந்துதுங்க. நீங்க மன்னிப்புக் கேக்க அமுக்கினீங்களே, அப்பதான் அணைஞ்சுது."

அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பொத்தானை மெதுவாக ஒருமுறை அமுக்கினார். பச்சை எரிந்தது.

"மாஸ்டர்..." என்றார்.

காலிக் கடையிலிருந்து அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்தது. அதட்டும்போது இடிபோல் இருந்த ஒலிபெருக்கி, கெஞ்சும்போது எவ்வளவு இளைத்துக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

மனைவி செருப்பை மாட்டினாள்.

"கடைக்கா போற? சீக்கிரம் போ, எல்லாம் தொறந்து கிடக்கு!"

"நான் மாஸ்டர் வீட்டுக்குப் போறேன். அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிக்கப் போறேன்னு தெரியல. உங்களுக்காக மன்னிப்புக் கேக்கப் போகல, நான் உக்காந்து கேட்டுட்டு இருந்தேனே, அதுக்காகப் போறேன்." கதவருகே நின்று திரும்பினாள். "கடைய நீங்க பாத்துக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. முதலாளி டேப்லெட்டைத் தலையணையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எட்டுச் சதுரங்களிலும் யாரும் இல்லை. ஒன்றில் மட்டும் சாவி கிடந்தது. சிறிது நேரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அந்தச் சதுரத்துக்குள் வந்து நின்றார்.

"கடையில யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்!" என்று கூரையிலிருந்து அலறினார் முதலாளி.

வந்தவர் நாலு பக்கமும் பார்த்தார், மேலேயும் பார்த்தார், சட்டென்று வெளியேறினார். சாவி அங்கேயே கிடந்தது. முதலாளிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்காவிட்டால் படம் மங்குகிறது. துடைத்தாலோ அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால்? ஒரு கண்ணைத் துடைத்தார், மற்றக் கண்ணால் சாவியைப் பார்த்துக்கொண்டே.