செவ்வாய்க்கிழமைக் கை

…பை இல்லை, இந்தப் பச்சை மேலங்கியில் பேருக்கு ஒரு பைகூட வைத்துத் தைக்கவில்லை, கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு மகராசனும் யோசிக்கவில்லை, பத்தொன்பது வருஷம் இந்தக் கைகளுக்கு ஓயாத வேலை கொடுத்துவிட்டு இன்று காலையில் திடீரென்று வெளியே போய் நில் என்றால் தொமித்திலா எப்படி நிற்பாள், கட்டிக்கொண்டால் சண்டைக்கு வந்தவள் மாதிரி இருக்கிறது, தொங்கவிட்டால் இரவல் வாங்கிய கை மாதிரி இருக்கிறது, பின்னால் கோத்துக்கொண்டால் போலீஸ்காரி… முதுகில் வேறு பெரிய எழுத்தில் ‘என்னிடம் கேளுங்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் கேட்டது மூன்றே பேர், அதில் இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்றார்கள், மூன்றாவது ஆள் மணி கேட்டான், தலைக்கு மேலேயே அத்தனை பெரிய கடிகாரம் தொங்குகிறது, குருடா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டு ஆறு நாற்பத்தெட்டு என்றாள். அப்போது அவளும் நிமிர்ந்து பார்த்தாள், அதன் பிறகு கண் அந்தக் கடிகாரத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. ஆறு ஐம்பது. செவ்வாய்க்கிழமை. யரேலி ஏழு மணிக்கு வருவாள், முன்னே பின்னே போனாலும் ஏழு ஐந்தைத் தாண்டியதில்லை, இன்றைக்கு வந்தால் அம்மாவை நேருக்கு நேராகப் பார்ப்பாள், பார்த்தால் என்ன செய்வாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாளா, அப்படிப் போனால் அதற்குப் பிறகு தொமித்திலா என்ன செய்வாள்?

மெட்ரோ ரயில் டிக்கெட் கவுன்ட்டர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தகடு அடித்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கிவிட்டார்கள், இனி டிக்கெட் இல்லை, கார்டையோ போனையோ கதவில் காட்டிவிட்டு உள்ளே போகவும் என்று ஒரு தாள், அவ்வளவுதான், பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தாள். உள்ளே நாற்காலி இருக்கிறதா, தூக்கிவிட்டார்களா, அவள் தைத்துப் போட்ட மெத்தை என்ன ஆயிற்று… அந்தக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது, அதன் மேல் அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு, வெளியே இருப்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது, உள்ளே இருப்பவளுக்கும் கீழே காசும் டிக்கெட்டும் கை மாறுகிற அந்தக் குழிவுதான், கை வரும், கை போகும், இத்தனை வருஷத்தில் மெக்சிகோ நகரத்தின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, கையைத்தான் பார்த்திருக்கிறாள். நகக்கண்ணில் மாவு ஒட்டிய ரொட்டிக்காரன் கை, சோப்பு போட்டுப் போட்டு வெளுத்துப்போன நர்ஸ் கை, ஒருத்தியின் பெயரைப் பச்சை குத்தி அப்புறம் அதை ரோஜாப்பூ வரைந்து மறைத்த கை. இன்று முகங்களாக வருகிறார்கள், ஒருவரையும் தெரியவில்லை, எல்லோரும் அந்நியர்கள், தெரிந்தவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பொம்பளை ஏன் கீழேயே பார்க்கிறாள் என்று நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வாரம் அந்தக் கை வந்தது, கட்டைவிரலின் அடியில் பிறை மாதிரி தீக்காயத் தழும்பு, ஒன்பது வயதில் யரேலி தொர்த்தியா ரொட்டி சுடுகிற கல்லில் வைத்துக்கொண்டது, அன்றைக்கும் தொமித்திலா ஷிப்டில் இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “ஒண்ணு” என்றது குரல். அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை, தொமித்திலாவின் விரல்கள் டிக்கெட்டைத் தள்ளின, கையுறை போட்டிருந்தாள், நல்லவேளை என்று அன்று தோன்றியது, அடுத்த வாரமும் அதே கை, அதே ஒண்ணு, இரண்டரை வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும், மாற்றலானதை யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்… ஒரு அக்டோபரில் அந்தக் கையில் மோதிரம் வந்தது, பிப்ரவரியில் மோதிரம் போயிற்று, நடுவில் என்ன நடந்தது, யார் அவன், அடித்தானா, ஏமாற்றினானா, பெற்றவள் கேட்க முடியவில்லை, பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், குரல் தெரிந்துவிட்டால் அடுத்த செவ்வாய் வராமல் போய்விடுவாள், அந்தப் பயம்தான், வேறென்ன. டிக்கெட்டை எடுத்த பிறகும் அந்தக் கை ஒரு நொடி குழிவிலேயே கிடக்கும், டிக்கெட் சரியா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் திங்கட்கிழமை இரவு தூங்காமல் புரண்டாள் என்று யாரிடம் சொல்வது?

ஆறு ஐம்பத்து மூன்று. எல்லாம் அந்த நாற்காலியால் வந்தது, யூனியனில் பதினைந்து வருஷம் முடித்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயர் எழுதிக் கொடுக்கலாம், ஒரே ஒரு பெயர், வேலை நிச்சயம், யரேலி பதினெட்டு வயதிலிருந்து அந்தத் தாளுக்காகக் காத்திருந்தாள், வேறு வேலைக்குப் போகாமல், கடையில் அங்கும் இங்கும் ஒப்பேற்றிக்கொண்டு. தாள் கைக்கு வந்த மாதம் பார்த்து ஃபவுஸ்தோ படுத்துவிட்டான், இரண்டாம் புருஷன், நல்லவன்தான், சிறுநீரகம் இரண்டும் போயிற்று, என் பையனுக்கு ஒரு வழி செய் தொமி, என் பையனுக்கு ஒரு வழி செய் என்று ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு… எழுதினாள், அவன் பையன் எஃப்ரயின் பெயரை எழுதினாள், அதை யரேலியிடம் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லை, யூனியன் சுவரில் ஒட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “பேரு எழுதுற எடத்துல என் பேரு உனக்கு ஞாபகம் வரலயாம்மா?” என்றாள். “அவனுக்கு யாருமில்லடி, நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழச்சுக்குவ” என்று இவள் சொன்னாள், சொல்லலாமா அப்படி, கெட்டிக்காரப் பிள்ளை என்றால் தள்ளிவிடலாமா? மறுநாள் இரண்டு பைகளோடு போனவள்தான், நாலு வருஷம். எஃப்ரயின் இருக்கிறானே, அவனும் வேறொரு நிலையத்தில் இதே பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறான், நேற்று போனில் சிரிக்கிறான், “சித்தி, ராஜா மாதிரி உக்காந்து சம்பாதிக்கலாம்னீங்க, இப்பப் பாருங்க, கதவுக்குக் காவல். முன்ன தள்ளின தக்காளி வண்டியே தேவல சித்தி.” அவனைச் சொல்லி என்ன, எந்த நாற்காலிக்காகப் பெண்ணை இழந்தாளோ அந்த நாற்காலியையே தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள், சிரிக்கத்தான் வேண்டும், சிரிப்பு வரவில்லை.

நிலையத் தலைவர் நபோர் ரொட்டிக்குள் தமால் கொழுக்கட்டையை வைத்துத் தின்றுகொண்டே வந்தார், அந்த மனுஷர் எப்போதும் தின்றுகொண்டேதான் வருவார், மீசையில் மாவு. “நபோர் சார், என்னைய வெளிய வர்ற கதவுப் பக்கம் போடுங்களேன், ஒரு அரை மணி நேரம்.” “ஏன் தொமிக்கா, இங்க என்ன பேயா புடிச்சு ஆட்டுது?” “கால் வலிக்குது சார்.” “அங்கயும் இதே காலத்தான தூக்கிட்டுப் போவீங்க?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார், கொழுப்பு, நல்ல கொழுப்பு. ஆறு ஐம்பத்தேழு. போகட்டும், நிற்பாள், ஓடிப்போக அவள் என்ன திருடினாளா, நிமிர்ந்து நிற்பாள், யரேலி வந்ததும் என்ன சொல்லலாம்… நல்லாயிருக்கியாம்மா, சே, நாலு வருஷத்துக்கு அப்புறம் அதையா கேட்பது, சாப்பிட்டியா என்று கேட்கலாம், மன்னிச்சுக்கோ என்று நேராகவே சொல்லலாம், இத்தனை பேர் போகிற வழியில், முதுகில் என்னிடம் கேளுங்கள் என்று எழுதிக்கொண்டு, மன்னிப்பா? கார்டை இங்க வைம்மா என்று வேலைக்காரியாகவே பேசிவிட்டால்? அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். கைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, ஒரு கிழவர் வந்து கார்டைத் தலைகீழாகக் கதவில் தேய் தேயென்று தேய்க்கிறார், “தேய்க்காதீங்க தாத்தா, சும்மா தொட்டா போதும்”, “தொட்டா மட்டும் காசு போயிடுமா?” “போயிடும் தாத்தா.” “அப்ப தொடாமலே இருந்திருப்பேனே” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏழு இரண்டு. படிக்கட்டில் கூட்டம் மொத்தமாக இறங்குகிறது, அதில் ஒரு முகம், நெற்றி அப்படியே அவள் அப்பாவின் நெற்றி, முடியை வெட்டியிருக்கிறாளே, எப்போது வெட்டினாள், இளைத்துவிட்டாளே, இரண்டரை வருஷமாகக் கை மட்டுமாக இருந்தவள் முழு ஆளாக வருகிறாள்… கால் தானாக நகர்ந்தது, தொமித்திலா சொல்லி நகரவில்லை, கார்டில் பணம் ஏற்றுகிற இயந்திரம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அதன் பின்னால் போய் முதுகை ஒட்டிக்கொண்டாள், ஐம்பத்தொரு வயதில் கண்ணாமூச்சி விளையாடுகிறாள், தூ. ஓரமாக எட்டிப் பார்த்தாள். யரேலி கதவுகளின் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள், தகட்டின் முன்னால் நின்றாள், தாளைப் படித்தாள், ஒரு வரித் தாளை இத்தனை நேரமா படிப்பார்கள், குழிவு இருந்த இடத்தில் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள். பிறகு திரும்பி மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள், பச்சை மேலங்கி போட்டவர்களை ஒவ்வொருவராக, தூரத்துக் கதவில் நிற்கிற, கூட வேலை பார்க்கிற செலேனேயின் அருகில் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள், நபோரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். என்ன தேடுகிறாள்? வழி கேட்க ஆள் தேடுகிறாளா? பாவம், கார்டு இல்லை போலிருக்கிறது, டிக்கெட் வாங்கியே பழகியவள், போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே… இப்போது வெளியே போனால் இத்தனை நேரம் ஒளிந்திருந்தது தெரிந்துவிடும், இன்னும் ஒரு நிமிஷம், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வெளியே வந்து, அப்போதுதான் எங்கிருந்தோ வருகிற மாதிரி…

யரேலி தோள்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்தாள். கதவில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது, தேடவில்லை, தடுமாறவில்லை, எங்கே தொட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்திலிருந்து இரண்டு எட்டுத் தூரம்தான், தொமித்திலா நன்றாகப் பார்த்தாள், கார்டின் படமெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது, ஒரு மூலை பிளந்து அதற்கு ஒட்டுநாடா போட்டு, அந்த ஒட்டுநாடாவும் அழுக்கேறி… நேற்று வாங்கிய கார்டா அது? ஒரு கார்டு அந்தக் கதிக்கு வர எத்தனை வருஷம் ஆகும், தினம் காலையும் மாலையும் காட்டினாலும் எத்தனை வருஷம்? பணம் உள்ள கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருபது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, ஒரே ஒரு டிக்கெட் எவளாவது வாங்குவாளா?

“யரே…” என்று கூப்பிட்டுவிட்டாள், கூப்பிட்டது அவள்தானா, ஏழெட்டுத் தலைகள் திரும்பின, யரேலியின் தலை படிக்கட்டில் இறங்கி மறைந்துவிட்டது, கீழே ரயில் வந்து நிற்கிற சத்தம், கதவுகள் மூடப்போகிற மணி, ஓடினால் பிடித்துவிடலாமா, ஊழியர் கார்டு கழுத்தில்தான் தொங்குகிறது, தொட்டால் கதவு திறக்கும், கால் இப்போது பார்த்து நகர மாட்டேன் என்கிறது. “ஏம்மா, முதுகுல எழுதிப் போட்டிருக்கு, கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கற, இந்தப் போனை எப்படிக் காட்டணும்?” என்று ஒரு பெண் தோளைத் தொட்டாள், சொல்றேம்மா, ஒரு நிமிஷம், சொல்றேன்… ரயில் கிளம்பிப் போகிற காற்று படிக்கட்டு வழியாக மேலே வந்தது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துதான் வந்தாள், இரண்டரை வருஷமும் தெரிந்துதான் வந்தாள், இன்றைக்கும் தேடிவிட்டுத்தான் போனாள், இங்கே யாரும் இல்லை என்று போய்விட்டாள். இந்த வழியில் அவளுக்கு வேலை உண்டா, வீடு உண்டா, ஒன்றும் தெரியாது… அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் இந்த நிலையத்துக்கு எதற்காக வர வேண்டும்?