சிறுத்தையின் தாடைக் கட்டி

தக்கலையில் சர்க்கார் மாட்டு டாக்டராக இருந்த எனக்குப் புலி, சிறுத்தை என்றாலே எரிச்சல். மாடு உதைக்கும், அவ்வளவுதான். இதுகளிடம் கையை நீட்டினால் கை திரும்பி வராது. ஆனாலும் அந்த மாசி மாதம் சர்க்கஸ் முதலாளி சுயம்புலிங்கம் ஆள் அனுப்பியபோது போகாமல் இருக்க முடியவில்லை.

கூண்டில் படுத்திருந்த பெண் சிறுத்தைக்குத் தாடைக்கடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. எச்சில் ஒழுகியது. இரையைத் தொடவில்லை.

"புத்துண்ணு சொல்லுதாவ டாக்டரே. புத்துதாண்ணா இண்ணைக்கே சுட்டிருவோம். வாயில்லா சீவன், கெடந்து வேதனப்படப்பிடாது," என்றார் சுயம்புலிங்கம். துப்பாக்கி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. மனுஷர் கெட்டவரில்லை.

அதைக் குட்டியிலிருந்து வளர்த்த குளச்சல்காரன் ஜான்ரோஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புற்றாக இருக்கலாம். கூண்டில் கிடந்து வயதாகும் மிருகங்களுக்கு வருவதுதான். ஆட்களை விட்டுப் பலகையால் நெருக்கிக் கம்பியோரம் ஒதுக்கினோம். தொட்டேன். கட்டி சுட்டது. நடுவில் அழுத்தினால் விரல் பதிந்தது. அது உறுமிய உறுமலில் நான் ஓடாமல் நின்றது கர்த்தர் கிருபை. புற்று சாதாரணமாக இப்படிச் சுடாது. ஆனால் அழுகிய புற்று சுடும். ஊசி குத்தி இழுத்தால்தான் தெரியும். வெறும் ரத்தம் வந்தால் துப்பாக்கிதான்.

குத்தி இழுத்தேன். குழாயில் மஞ்சளாக ஏறியது.

"சீழ்டே! வெறும் சீழ்!" என்று நான் போட்ட சத்தத்தில் கூடாரத்து யானை பிளிறியது. கட்டியைக் கீறிவிட்டேன். நாற்றத்தில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இடுக்கியில் கெளுத்தி மீனின் முள் ஒன்று வந்தது.

"சிறுத்தைக்கு மீனை யாருடே போட்டது?"

ஜான்ரோஸ் தலையைக் குனிந்தான். "நாந்தான் டாக்டரே. வெள்ளிக்கிழம மட்டும். ஈஸ்டர் வரைக்கும் தவசு காலமில்லியா, எறச்சி ஆவாதே."

சுயம்புலிங்கம் வாயைப் பிளந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தவசு ஒனக்குடே! இது என்ன, ஞானஸ்நானம் எடுத்த சிறுத்தையா?"

"எடுத்ததுதான்," என்றான். "குட்டியில காய்ச்சல் வந்து மூச்சு அடங்கப் போச்சு. சாமியாரக் கூப்பிட நேரமில்ல. நானே தலையில தண்ணி ஊத்திச் செபம் சொன்னேன். பொழச்சிட்டு."

இடுக்கியைக் கீழே வைத்தேன். நான் லண்டன் மிஷன் புராட்டஸ்டன்ட்காரன், அவன் கத்தோலிக்கன். அவர்கள் வழக்கம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் ஒன்று தெரியும்.

"எடே, சீக்காளிக்குத் தவசு கெடையாதுண்ணு ஒங்க சாமியாரு சொல்லலியா? எலும்பில்லாத எறச்சியா வாங்கிப் போடு."

அவன் முகம் மலர்ந்தது. "ஆமா டாக்டரே! சீக்காளிக்கு வெலக்கு உண்டு!" என்று கூவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறைச்சிக் கடைப் பக்கம் ஓடினான். அன்று வெள்ளிக்கிழமை.